நான்காவது இரைச்சல்

— “இன்று, இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, ஜூலைத் திங்கள் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. சங்கரன்கோவிலில் வானம் மேகமூட்டமாக உள்ளது. மேல்காற்று பலமாக வீசுகிறது. மழைக்கான அறிகுறி இல்லை...”

— நிறுத்தும் வே, இப்ராஹீமு. போதும். கேட்டீரா? கொடத்துக்குள்ள தலைய விட்டுப் பேசுத மாதிரி இல்ல? இதுக்குப் பொறவு ஒரு வார்த்தை வெளங்காது.

— கேட்டேன், சாம்சுந்தர் அண்ணாச்சி. இதுல ஒரு சத்தம் இல்ல, மூணு நாலு சத்தம் கலந்து கெடக்கு. ஒண்ணொண்ணாப் பிரிக்கணும். அக்கா, இது எப்பம் பதிஞ்சது?

— காலையில பத்தே காலுக்குத் தம்பி. எந்தப் பதிவா இருந்தாலும் நாளையும் வானிலையையும் சொல்லித்தான் தொடங்குவேன். அப்பத்தான் எது எந்தப் பதிவுன்னு குழப்பம் வராது. பதிஞ்ச உடனே போட்டுக் கேட்டேன், தெளிவாத்தான் இருந்தது; இப்ப இப்படி இருக்கு, அதான் ரிப்பேர் பாக்க உங்களக் கூப்பிட்டேன்.

— ஜவுளிக்கடை விளம்பரத்துக்கு வானிலை அறிக்கை எதுக்குட்டி கிருபா? முப்பத்தொம்பது வயசுல பன்னெண்டாங் கிளாஸ் பாஸ் பண்ணினாலும் பண்ணினா வே, பாடப் புஸ்தகத்த முழுங்கிட்டு அலையுதா. நேத்து எங்கிட்ட ‘உணவு ஆறுகிறது’ங்கா.

— ஆறத்தானே செஞ்சது? தம்பி, நாலு மணிக்கு இத ஜவுளிக்கடை விஜயராஜ் அண்ணாச்சிக்கு அனுப்பியாகணும். ஆடித்தபசுத் திருவிழா முடியுத வரைக்கும் ஊரெல்லாம் ஆட்டோவுல இந்தக் குரல்தான் போகணும்னு சொல்லியிருக்காங்க. இப்பவே மணி மூணு.

— ‘இந்தக் குரல்’னு சொல்லல. நல்லா இருக்குத குரல்னு சொன்னாரு. நானும் ஒண்ணு பதிஞ்சு வச்சிருக்கேன். பதினெட்டு வருசமா இந்த ஊருக்குக் குரல் குடுத்தவன் வே நான். காணாமப் போன கண்ணாடியில இருந்து கட்சி மாநாடு வரைக்கும் சாம்சுந்தர் சொன்னாத்தான் ஊருக்குத் தெரியும்.

— அதுல என்ன சந்தேகம், அண்ணாச்சி? எங்க வாப்பா உங்க குரல் கேட்டுத்தான் கடையத் தொறப்பாரு. சரி, மொதல்ல ஸ்பீக்கர். பாட்டு எதுவும் ஓடல, ஆனாலும் அடியில ‘ம்ம்ம்’னு முனங்குது பாருங்க. இந்த லேப்டாப் சார்ஜரப் புடுங்குதேன். இப்பம்?

— நின்னுட்டு, தம்பி!

— ரெண்டு கால் பிளக்கு, அக்கா. எர்த் கெடையாது. கரண்டு முனகல் அப்படியே ஸ்பீக்கருக்குள்ள ஏறுது. பதியும்போதும் கேக்கும்போதும் பேட்டரியில ஓட்டுங்க. அது ஒண்ணு போச்சு. இந்த ஹெட்போனு யாருது?

— என்னுது. அதுக்கு என்ன இப்பம்? ரெண்டு மாசமாக் கரகரங்கும். கம்பியக் கொஞ்சம் திருகிப் புடிச்சா நிக்கும்.

— ஹெட்போன் சொருகுத ஓட்டைக்குள்ள பஞ்சும் தூசியுமா அடைஞ்சு கெடக்கு, அண்ணாச்சி. ஒரு ஊசி தாங்க... இந்தா, வந்துட்டு பாருங்க. அல்லாவே, ஒரு தலையணைக்கு ஆகும் போலிருக்கே. இப்ப மாட்டிப் பாருங்க.

— கரகரப்பு இல்லதான்.

— ரெண்டு மாசமா அதக் காதுல மாட்டவே இல்ல தம்பி அவங்க. அதான் அடைஞ்சது தெரியல.

— எதுக்கு மாட்டணும்? வீட்டுக்குள்ள காலையில இருந்து ராத்திரி வரைக்கும் செய்யுளும் உரைநடையும் சும்மாவே காதுல விழுது.

— கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும். ஸ்பீக்கருல ‘டிக் டிக் டிக்’னு அடிக்குது பாருங்க. பக்கத்துல யாரோட பட்டன் போனு? இப்பம் மணியடிக்கும் பாருங்க... அடிச்சிட்டா?

— அடிச்சிட்டே! ஏலே, மந்திரவாதி! இரும், பேசிருதேன். விஜயராஜ் அண்ணாச்சி, வணக்கம்... ஆமா, நாலு மணிக்கு வந்துரும்... அதுல கொஞ்சம் இரைச்சல் இருக்கு, அண்ணாச்சி. கிருபா குரலுக்கு மிஷினு ஒத்துக்கிடல போல. என் குரல்ல ஒண்ணு சுத்தமா இருக்கு, அத... என்ன? கிருபா என்ன சொன்னான்னு தெரியுமாவா? அவ உங்ககிட்ட ஆயிரம் சொல்லுவா, அது கெடக்கட்டும், அண்ணாச்சி... இல்ல, இல்ல, நான் கேக்க வேண்டியது ஒண்ணும் இல்ல. நாலு மணிக்குப் பேசுதேன். வச்சிருதேன்.

— அவங்க சொல்ல வந்தத முழுசாக் கேட்டிருக்கலாம்.

— எதுக்கு? ‘உம்ம வீட்டம்மா குரல் என்ன தெளிவு’ன்னு இன்னொரு தடவ கேக்கதுக்கா?

— அண்ணாச்சி, போனக் கொண்டு வாசல்ல வைங்க. பழைய பட்டன் போனு அலை வந்தாலே ஸ்பீக்கரு அடிச்சுக் காட்டிக்குடுத்துரும். ஆச்சு. மூணு சத்தம் போயிட்டு. இப்ப உங்க குரலப் போட்டுப் பாப்போம்.

— போடும், போடும். அதத்தான் நானும் சொல்லுதேன்.

— “ஆடித்தபசுக்கு வரும் அன்பான பெருமக்களே! பட்டுக்குப் பட்டு, பருத்திக்குப் பருத்தி...”

— கண்ணாடி மாதிரி இருக்கு, அண்ணாச்சி.

— பாத்தீரா? அதே மைக்கு, அதே மிஷினு, அதே ரூம்பு. என் குரல் சுத்தம், அவ குரல் தண்ணிக்குள்ள. அப்பம் குத்தம் எங்கன இருக்கு? சொல்லும்.

— அதான் எனக்கும் யோசனை. ஸ்பீக்கருல இல்ல, ஹெட்போன்ல இல்ல, மைக்குலயும் இல்ல. அக்காவோட பதிவுக்கு உள்ளயே இருக்கு. பதிஞ்சப்ப நல்லா இருந்ததுன்னு அக்கா சொல்லுதாங்க. பொறவு யாரு இதத் தொட்டது?

— நான் சோறு வடிச்சிட்டு இருந்தேன். பன்னெண்டு மணிக்கு இவங்கதான் உக்காந்து சுத்தம் பண்ணினாங்க. எப்பவுமே கட் பண்ணுதது இவங்கதானே.

— காத்து பலம்னு அவளே சொல்லியிருக்கால்லா? அந்தக் காத்துச் சத்தத்த எடுத்தேன். அது ஒரு குத்தமா?

— குத்தம் இல்ல, அண்ணாச்சி. இந்த மிஷினு தன்னால எடுக்காது. எது சத்தம்னு நாம ஒரு துண்டு காட்டிக் குடுக்கணும். காட்டுனத வச்சு, அதே மாதிரி வருதத எல்லாம் அரிச்சு எடுத்துரும். காட்டுன துண்டுக்குப் பேரும் போட்டு வச்சிருக்கும். பாப்போம். ‘காத்தாடி’... ‘ரோடு’... ‘ஜெனரேட்டர்’...

— அதெல்லாம் பழசு. மூடும் வே.

— நாலாவதா ஒண்ணு இருக்கு, அண்ணாச்சி. இன்னைக்குப் பன்னெண்டு பத்துக்குப் போட்டது.

— மூடும்னு சொல்லுதேன்லா.

— தம்பி, நாலாவது பேரு என்ன?

— அக்கா...

— எழுத்துக்கூட்டி வாசிக்கணும்னா நானே வாசிப்பேன். நகருங்க. கி... ரு... பா.

— கிருபா, இங்க பாரு...

— காத்தாடி. ரோடு. ஜெனரேட்டர். கிருபா.

— அஸர் தொழுகைக்கு நேரமாவுது, நான் வேணா நாளைக்கு வாரேனே.

— உக்காருங்க தம்பி. நீங்க ஒரு தப்பும் செய்யல. ஏங்க, என் குரலையே இரைச்சல்னு மிஷினுக்குக் காட்டிக் குடுத்தீங்களா?

— மொத்தத்தையும் காட்டல. விளம்பரம் தொடங்குததுக்கு முந்தி நீ பாடம் ஒப்பிச்சேல்லா, அந்தத் துண்ட மட்டுந்தான். இருவத்தஞ்சு செகண்டு. கொஞ்சம் மங்கட்டும்னு நெனச்சேன். கொஞ்சம்தான்.

— அக்கா குரலச் சத்தம்னு காட்டினா, அக்கா பேசுதது பூரா சத்தம்னுதான் மிஷினு எடுத்துக்கிடும், அண்ணாச்சி. அதான் தண்ணிக்குள்ள போயிட்டு. பழைய பதிவு இருக்கா?

— அதுக்கு மேலயே சேமிச்சிட்டேன்.

— எனக்கு எழுத்து தெரியாதப்ப பஸ் போர்டு வாசிச்சுச் சொன்னது நீங்க. ஹால் டிக்கெட்டுக்கு வெயில்ல நின்னது நீங்க. நான் திக்கித் திக்கி வாசிச்சப்ப, சர்ச்சுல எல்லார்கிட்டயும் சொல்லிச் சந்தோசப்பட்டதும் நீங்கதான். திக்காம வாசிச்சதும் இரைச்சலாப் போயிட்டனா?

— புளியங்குடிக்குப் போனேன்ட்டி, போன வாரம். எலுமிச்சை மண்டியில உன் விளம்பரம் போயிட்டு இருக்கு. மூடை தூக்குதவன் மூடைய எறக்கி வச்சிட்டு நின்னு கேக்கான். பதினெட்டு வருசத்துல என் குரலுக்கு ஒருத்தன் மூடைய எறக்கல. டீக்கடைக்காரன் கேக்கான், ‘யாரு இந்த அம்மா, தெரியுமா?’ன்னு. தெரியாதுன்னுட்டேன்.

— தெரியாதுன்னா சொன்னீங்க?

— ஆமா. சொல்லிட்டு, டீயும் குடிக்காம வந்துட்டேன்.

— அந்த இருவத்தஞ்சு செகண்டுல நான் என்ன சொல்லியிருக்கேன்னு கேட்டீங்களா?

— தேதி, காத்து, மழை. வேற என்ன சொல்லப் போற?

— கேட்டீங்களா?

— கேக்கல. ஹெட்போனு மாட்டல. அலையக் கண்ணால பாத்துத்தான் புடிச்சேன். கேக்கப் பிடிக்கல.

— தம்பி, அந்தத் துண்டு அழியாம இருக்கா?

— அது மட்டும் அப்படியே இருக்கு, அக்கா. மிஷினு மாதிரிக்கு வச்சிருக்குதது, கை படாதது.

— போடுங்க. பாதியில நிறுத்தாதீங்க.

— “இன்று, இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு, ஜூலைத் திங்கள் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. சங்கரன்கோவிலில் வானம் மேகமூட்டமாக உள்ளது. மேல்காற்று பலமாக வீசுகிறது. மழைக்கான அறிகுறி இல்லை. முதற்குரல், என் கணவர் சாம்சுந்தர். துணைக்குரல், கிருபாபாய். அவர் தொடங்கினால்தான் நான் பேசுவேன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன், அவரும் இசைந்துவிட்டார்.”

— அண்ணாச்சி, தண்ணி குடிக்கீங்களா?

— இத... இத எங்கிட்ட வாயால சொல்ல வேண்டியதுதான கிருபா?

— ரெண்டு மாசமா நான் வாயத் தொறந்தா நீங்க எந்திரிச்சுப் போறீங்க. கட் பண்ண உக்காந்தாலாவது கேப்பீங்கன்னுதான் அங்க சொல்லி வச்சேன். தம்பி, அந்த நாலாவது பேர அழிச்சிருங்க.

— அக்கா, வேற காப்பி இல்ல. இது ஒண்ணுதான் தெளிவா இருக்கு.

— தெரியும். இரைச்சல்னு போட்டிருக்குல்லா? அழிங்க.

— அழிச்சிட்டேன், அக்கா.

— கிருபா, இன்னும் நேரம் இருக்கு. நான் தொடங்குதேன். இந்தா, மைக்கு முன்னால வந்துட்டேன் பாரு. ‘ஆடித்தபசுக்கு வரும்...’

— சார்ஜர் புடுங்கியிருக்கு. போனு வாசல்ல இருக்கு. நீங்களும் அங்கன போய் நில்லுங்க.

— ஏட்டி...

— கதவச் சாத்திட்டுப் போங்க. தம்பி, பதியுங்க.

— ஓடுது, அக்கா. பேசுங்க.

— இன்று, ஜூலைத் திங்கள் இருபத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் மேகமூட்டமாகவே உள்ளது. அறையில் வேண்டாத ஓசை ஏதும் இல்லை. முதற்குரல், கிருபாபாய். துணைக்குரல் இல்லை. நேரம், பிற்பகல் மூன்று மணி நாற்பத்தொன்பது நிமிடம்.