மூன்று மாத்திரை குறைகிறது

மகள்: பையை அப்படியே கவுக்காதீங்க அண்ணி. ஒண்ணொண்ணா எடுத்து வைங்க.

மருமகள்: எதை ஒண்ணொண்ணா எடுக்கிறது. எல்லா அட்டையையும் நீ கத்தரிக்கோலால வெட்டி வெச்சிருக்கே. மாத்திரை ஒரு பக்கம், பேர் ஒரு பக்கம்.

மகள்: ஒரு நாளைக்கு உள்ளதைத் தனியா வெட்டி வெச்சா உங்களுக்குச் சுலபமா இருக்குமேன்னு...

மருமகள்: ரொம்பச் சுலபமா இருந்துச்சு தாயே.

மருந்தாளுநர்: உள்ள வாங்க. அந்த ஸ்டூல் ஆடும், பாத்து உக்காருங்க. டாக்டர் அனுப்பினாரா?

மகள்: ஆமா சிஸ்டர். மூணாம் நம்பர் கட்டில். காலையில ஒன்பது மணிக்குக் கொண்டுவந்தோம்.

மருந்தாளுநர்: நான் சிஸ்டர் இல்லம்மா, மருந்து கொடுக்கிறவ. என் கண்ணாடியைப் பாத்தீங்களா... சரி, தலையிலதான் இருக்கு. காலையில இருந்து இதே மாதிரி. சொல்லுங்க, அவர் உங்களுக்கு என்ன வேணும்?

மகள்: எங்கப்பா. இவங்க எங்க அண்ணி.

மருமகள்: திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் என் மாமனார். சனி, ஞாயிறு இவளோட அப்பா.

மகள்: அண்ணி...

மருமகள்: உள்ளதைத்தானே சொல்றேன். சனிக்கிழமை காலையில கூட்டிட்டுப் போவா, திங்கக்கிழமை காலையில திருப்பிக் கொண்டுவந்து விடுவா. லைப்ரரி புத்தகம் மாதிரி.

மருந்தாளுநர்: பையும் கூடவே போகுமா?

மருமகள்: பை, நோட்டு, மனுஷன். மூணும் போகும், மூணும் வரும்.

மருந்தாளுநர்: டாக்டர் என்ன சொன்னார்?

மகள்: தலையில ஸ்கேன் எடுத்தாங்க, ஒண்ணும் இல்லையாம். சர்க்கரை சரியா இருக்காம். ஆனா கண்ணே திறக்கலை. கிள்ளினா லேசா முனகுறார், அவ்வளவுதான். மூளையில கிருமி ஏதாவது புகுந்திருக்குமோன்னு, முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும்னு சொல்றார்.

மருந்தாளுநர்: கையெழுத்துப் போட்டாச்சா?

மகள்: இல்லை. அதுக்கு முன்னாடி என்னென்ன மருந்து சாப்பிடுறார்னு ஒண்ணு விடாம உங்ககிட்ட எழுதி வாங்கிட்டு வரச் சொன்னார். மூணு மணி வரைக்கும் பொறுப்பாராம்.

மருந்தாளுநர்: இப்ப ரெண்டேகால். ம்... அந்த ஃபேனை ஒண்ணு குறைங்க, காகிதம் பறக்குது. இது ரத்த அழுத்தத்துக்கு. காலையில ஒண்ணா?

மருமகள்: காலையில ஒண்ணு.

மருந்தாளுநர்: இது மறதிக்கு.

மருமகள்: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். அதைச் சாப்பிட்டதையும் மறந்துட்டு, எனக்கு ஏன் மாத்திரை கொடுக்கலைன்னு சண்டைக்கு வருவார்.

மருந்தாளுநர்: நான் கேக்க நினைச்சேன். கேட்டா கொடுத்துடுவீங்களா, இன்னொண்ணு?

மருமகள்: இல்லை. மிட்டாய் கொடுப்பேன்.

மருந்தாளுநர்: நல்ல வேலை செஞ்சீங்க. இந்தச் சின்ன மஞ்ச மாத்திரை?

மகள்: அது அரிப்புக்கு. கை காலெல்லாம் சொறியிறார்னு வேற டாக்டர்கிட்ட காட்டினேன். அவர் கொடுத்தது.

மருந்தாளுநர்: இந்த வெட்டின அட்டையில தூக்க மாத்திரை பேரும் இருக்கே. அதையும் சாப்பிடுறார்னு அவர்கிட்ட சொன்னீங்களா?

மகள்: அவர் கேக்கலையே...

மருந்தாளுநர்: இதுவும் தூக்கம் வர்ற மருந்துதாம்மா. அரிப்பை நிறுத்தும், அதோட கண்ணையும் மூட வைக்கும். ரெண்டும் சேந்தா ஒண்ணோட வேகத்தை இன்னொண்ணு கூட்டிடும். எழுதிக்கிறேன். தூக்க மாத்திரை எது?

மருமகள்: இந்த வெள்ளை. ராத்திரி ஒண்ணு.

மகள்: அப்பா மில்லு கேட்டுல காவலா இருந்தவர். முப்பத்தஞ்சு வருஷம், பாதி ராத்திரி ஷிஃப்ட். இப்ப ராத்திரியானா ஒவ்வொரு கதவா போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பாக்கிறார். லாரி நிக்குது, கேட்டைத் திறங்கன்னு சொல்றார்.

மருமகள்: நான் திறந்திருக்கேன். எத்தனை லாரியை உள்ள விட்டிருக்கேன் தெரியுமா. பீரோவைத் திறந்து காட்டி, எல்லா லாரியும் போயிடுச்சு மாமா, படுங்கன்னா படுப்பார். பத்து நிமிஷம்.

மருந்தாளுநர்: உங்க வீட்டுக்காரர்?

மருமகள்: வெளியூர் வேலை. போன்ல இருப்பார். இதோ, மறுபடியும் அடிக்குது. நீ எடு.

மகள்: என்ன சொல்றது?

மருமகள்: தூங்குறார்னு சொல்லு. பொய் இல்லையே.

மகள்: அண்ணா... ஆமா, இங்கதான் இருக்கோம்... தூங்குறார்... இல்லை, பயப்படாதே, அப்புறம் பேசுறேன்... ம்... வெச்சுடுறேன்.

மருந்தாளுநர்: இந்த நோட்டைக் கொடுங்க. அடடா. நாள், நேரம், மாத்திரை, கொடுத்ததுக்கு டிக். இங்க வர்றவங்க யாரும் இப்படி எழுதி நான் பாத்ததில்லை.

மகள்: அண்ணி போட்டது. ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டு.

மருந்தாளுநர்: இன்னிக்குப் புதன்கிழமைதானே?

மகள்: ஆமா.

மருந்தாளுநர்: இதுல வெள்ளிக்கிழமை வரைக்கும் டிக் இருக்கே.

மகள்: என்னது?

மருந்தாளுநர்: நாளன்னிக்கு ராத்திரி தூக்க மாத்திரை கொடுத்தாச்சாம்.

மகள்: அண்ணி, இது என்ன?

மருமகள்: திங்கக்கிழமை உக்காந்து அஞ்சு நாளைக்கும் சேத்துப் போட்டுடுவேன். தினமும் பேனாவைத் தேடணும். நான் பேனா தேடுற நேரத்துல அவர் சட்டையில்லாம நடுத்தெருவுல நிப்பார். டிக்தான் முன்னாடி போட்டது. மாத்திரை அந்தந்த நேரத்துக்குக் கொடுத்தேன். ஒரு வேளை விட்டதில்லை.

மருந்தாளுநர்: நான் உங்களைக் குத்தம் சொல்லலை. நோட்டை ஓரமா வெச்சுட்டு மாத்திரையை எண்ணலாம். இந்தத் தூக்க மாத்திரையை எப்ப வாங்கினீங்க?

மகள்: போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. முப்பது.

மருந்தாளுநர்: அன்னிக்கு ராத்திரியே ஆரம்பிச்சீங்களா? அப்ப நேத்து வரைக்கும் பன்னிரண்டு ராத்திரி. பதினெட்டு மிச்சம் இருக்கணும்.

மகள்: இதோ... ரெண்டு, நாலு, அஞ்சு... இது அரிப்பு மாத்திரை, தள்ளுங்க... எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு.

மருந்தாளுநர்: பை அடியில பாருங்க.

மகள்: சீப்பு இருக்கு. பஸ் டிக்கெட் இருக்கு. வேற இல்லை.

மருந்தாளுநர்: அப்ப ஏழு குறையுது.

மருமகள்: கீழ விழுந்திருக்கும். வெட்டி வெட்டி வெச்சா விழாம என்ன செய்யும்.

மகள்: விழலை அண்ணி.

மருமகள்: நீ பாத்தியா?

மகள்: விழலை. நாலு நான் கொடுத்தேன்.

மருமகள்: என்ன?

மகள்: சனி, ஞாயிறுல ஒண்ணுக்கு ரெண்டா கொடுத்தேன். ரெண்டு வாரமும். திங்கக்கிழமை காலையில நான் வேலைக்கு ஓடணும் அண்ணி. ஒண்ணு கொடுத்தா ரெண்டு மணிக்கு எந்திரிச்சுடுறார்.

மருமகள்: அதான் திங்கக்கிழமையெல்லாம் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்தாரா. வயசாகுதுன்னு நினைச்சேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே.

மகள்: சொன்னா என்ன நினைப்பீங்க. நீங்க அஞ்சு நாள் பாக்குறீங்க. எனக்கு ரெண்டு நாளைக்குக்கூட துப்பில்லைன்னு...

மருமகள்: நான் அப்படியா பேசுறவ?

மகள்: பேசமாட்டீங்க. முகத்துல காட்டுவீங்க.

மருந்தாளுநர்: கொஞ்சம் பொறுங்கம்மா ரெண்டு பேரும். அந்தத் தண்ணியைக் குடிங்க.

மகள்: நான்தான் பண்ணிட்டேன். பெத்த அப்பாவைப் படுக்கப் போட்டுட்டேன்... இதை அப்படியே எழுதுங்க மேடம். நான் போய் டாக்டர்கிட்ட சொல்றேன். அண்ணாகிட்டயும் சொல்லிடுறேன்.

மருமகள்: அவர்கிட்ட எதுக்கு. அழாதே. மூக்கைத் துடை.

மருந்தாளுநர்: இருங்க. கணக்கு இன்னும் முடியலை. நான் சொல்றதைக் கேளுங்க. ஒரு மாத்திரையை முழுங்கினா அது தூக்கத்தை மட்டும் தேடிப் போகாது. ரத்தத்துல கலந்து உடம்பெல்லாம் சுத்தும். மூளைக்குப் போய் அதை அமைதிப்படுத்தும். ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமா சிதைச்சு வெளியே அனுப்பும். உங்க வயசுல அது சீக்கிரம் நடக்கும். உங்கப்பா வயசுல மெதுவா நடக்கும். நேத்துச் சாப்பிட்டது தீருறதுக்குள்ள இன்னிக்கு ஒண்ணு உள்ள போயிடும்.

மகள்: அதைத்தானே சொல்றேன். ரெண்டு ரெண்டா கொடுத்து சேந்துடுச்சு.

மருந்தாளுநர்: சேந்துச்சுதான். அதான் திங்கக்கிழமை தள்ளாடினார். ஆனா திங்கள் பேசினார்ல? சாப்பிட்டார்ல? செவ்வாய்?

மருமகள்: நேத்துக் காலையில... சாப்பிட்டார். தட்டைத் தூக்கி எறிஞ்சார். நல்லாத்தான் இருந்தார்.

மருந்தாளுநர்: பாத்தீங்களா. ஞாயித்துக்கிழமை கொடுத்தது, செவ்வாய்க்கிழமை தட்டை எறிய விட்டுட்டு, புதன்கிழமை திடீர்னு ஆளை இப்படி அடிச்சுப் போடாது. நேத்து வேற ஏதோ நடந்திருக்கு. ஒண்ணு, டாக்டர் பயப்படுற மாதிரி கிருமி. இல்லைன்னா, இந்த மாத்திரை.

மகள்: எப்படி இந்த மாத்திரை?

மருந்தாளுநர்: ஏழு குறைஞ்சுது. உங்களோடது நாலு. இன்னும் மூணு குறையுது.

மருமகள்: விழுந்திருக்கும்னு சொன்னேனே.

மருந்தாளுநர்: விழுந்திருக்கலாம்.

மகள்: அப்பாவே எடுத்துப் போட்டிருப்பாரோ? பை எங்க இருந்துச்சு அண்ணி?

மருமகள்: பீரோ மேல.

மகள்: அவர் கைக்கு எட்டாதே.

மருமகள்: நாற்காலி போட்டிருப்பார்.

மகள்: அப்பாவா? நாற்காலியில ஏறுவாரா? கழிப்பறைப் படியே நாம கையைப் பிடிச்சாத்தான்...

மருமகள்: அப்ப எனக்குத் தெரியாது.

மருந்தாளுநர்: இங்க பாருங்கம்மா. நான் போலீஸ் இல்லை. இந்தச் சன்னலுக்குப் பின்னாடி இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன். தன் வீட்டு ஆளுக்கு அதிகமா கொடுத்தவங்க இந்த ஸ்டூல்ல நிறையப் பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் முகத்துலயும் கெட்ட எண்ணத்தை நான் பாத்ததில்லை. ராத்திரி கண்ணு மூடாத முகம்தான் எல்லாருக்கும். காரணம் எனக்கு வேண்டாம். எத்தனை, எத்தனை மணிக்கு. ரெண்டு நம்பர் போதும். இந்த மாத்திரைதான்னு உறுதியா தெரிஞ்சா, மூச்சையும் நாடியையும் பாத்துக்கிட்டு, மருந்து கரையுற வரைக்கும் டாக்டர் காத்திருப்பார். தேவைப்பட்டா அதோட வேலையைத் தடுக்கிற ஊசியும் இருக்கு, கொடுக்கலாமான்னு அவர் யோசிப்பார். தெரியலைன்னா, அந்த மனுஷனைக் குறுக்கி மடக்கிப் பிடிச்சு முதுகுல ஊசி இறக்குவாங்க. அவங்களுக்கு வேற வழி இல்லை.

மகள்: மணி எதுக்கு வேணும்?

மருந்தாளுநர்: இன்னிக்கு விடியக்காலையில உள்ள போயிருந்தா, இன்னும் இறங்காம இருக்கலாம், மூச்சு குறையலாம். நேத்தே போயிருந்தா இந்நேரம் இறங்க ஆரம்பிச்சிருக்கணும். இறங்கலைன்னா வேற எதையோ தேடணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற.

மகள்: அண்ணி... காலையில எத்தனை மணிக்கு எழுப்பினீங்க?

மருமகள்: ஏழு. சொன்னேனே. ஏழு மணிக்கு எழுப்பினேன், எந்திரிக்கலை, உடனே உனக்குப் போன் பண்ணேன்.

மகள்: எட்டேகாலுக்குத்தான் போன் வந்துச்சு.

மருமகள்: ஏழா, எட்டா... கடிகாரத்தையா பாத்துக்கிட்டு நின்னேன்.

மகள்: ராத்திரி எந்திரிக்கவே இல்லையா அவர்? லாரி ஒண்ணும் வரலையா?

மருமகள்: அந்தப் பையைக் கொடு, நான் அடுக்கி வைக்கிறேன்.

மகள்: அண்ணி, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நானும்தான் கொடுத்திருக்கேன். என் முகத்தைப் பாருங்க. நான் என்ன சொல்லப் போறேன்.

மருந்தாளுநர்: ரெண்டு அம்பது ஆச்சு. வார்டுல இருந்து ஆள் வந்துடுவாங்க.

மகள்: நான் போய்க் கையெழுத்துப் போட்டுடவா?

மருமகள்: போடாதே. உக்காரு... எழுதிக்கங்க மேடம். ராத்திரிக்கு உள்ளதையும் சேத்து நாலு. நேத்து மதியம் மூணு மணிக்கு ரெண்டு கொடுத்தேன். முந்தின நாள் ராத்திரி முழுக்கக் கண்ணு மூடலை, எனக்கு ஒரு மணி நேரம் படுத்தாப் போதும்னு இருந்துச்சு. அரை மணி ஆகியும் அடங்கலை, கதவை ஆட்டிக்கிட்டே இருந்தார். மூணரைக்கு இன்னொரு ரெண்டு. அப்புறம் நானும் படுத்துட்டேன். கண்ணு முழிச்சப்ப ராத்திரி எட்டு. எழுப்பிப் பாத்தேன், அசையலை. மூக்குல கையை வெச்சேன், மூச்சு வந்துச்சு. உனக்குக் கூப்பிடலாம்னு போனை எடுத்தேன்... எடுத்துட்டு, கூப்பிட்டா இவரை எழுப்பிடுவாங்களேன்னு கீழ வெச்சுட்டு, லைட்டை அணைச்சுட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். விடியிற வரைக்கும் தூங்கினேன்.