ஓடைக்குப் பத்திவிட்ட மாடு

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“அன்னைக்கு ஆபீசர் வாராகன்னதும் மாட்டைப் பின்வாசல் வழியா ஓடைக்குப் பத்திவிட்டுட்டேன், மதினி,” என்றாள் இளையவள்.

“எதுக்குடி?”

“கம்பெனிக்குச் சோதனை வண்டி வந்தா, கணக்குக்குக் கூடுதலா இருக்குற ஆளுகள அப்படித்தான பின்வாசல் வழியா அனுப்புறாக. அந்தப் பழக்கம்.”

“இவரு மாட்டாஸ்பத்திரி ஆபீசருதான?”

“ஆமா. தண்ணி வண்டி இழுக்குற மாடுகள ஒழுங்கா வச்சிருக்கோமான்னு பாக்க வந்தவரு. எங்க மாட்டுக்குக் கழுத்துல நுகத்தடிப் புண்ணு. பிடிச்சுக்கிட்டுப் போயிட்டா, நாங்க எதை வச்சுப் பொழைக்க?”

“அவரு திரும்பிப் போயிட்டாரா?”

“எங்க போனாரு? சாணியப் பாத்துட்டு ஓடைக்கே வந்துட்டாரு. வேலிமுள்ளுக்குள்ள நின்னு புண்ணைக் கழுவி மருந்து போட்டாரு. ஆறுற வரைக்கும் வண்டியில பூட்டாதீக, நான் வந்து பாத்துச் சொல்றேன்னாரு. ஒரு வார்த்தை வையல.”

“நல்ல மனுசன்தான்.”

“புண்ணு ஆறிருச்சு மதினி. இன்னைக்கே பூட்டணும்னு எங்க வீட்டுக்காரக நிக்காக. அவரு வந்து பாக்காம எப்படிப் பூட்ட? அதான் வேலைக்குப் போகாம, அவரக் கூட்டியார ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

மூத்தவள் சிரித்துவிட்டாள். “ஆபீசரத் தேடிப் போற மொத ஆளு நீதான்டி.”

“சிரிக்காதீக மதினி. அவர வேற ஊருக்கு மாத்தியிருப்பாகளோன்னு நான் பயந்துக்கிட்டு வாரேன்.”