சத்தம் குறைஞ்ச ரிவால்வர்

லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில், மட்டன் ரோல்ஸ் கடை வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். இளையவர் மெல்லக் கேட்டார்.

"அண்ணை, நீங்கள் குறி பாத்துச் சுடப் போற கிளப்பிலை ஆகச் சத்தம் குறைஞ்ச ரிவால்வர் எது?"

"இருபத்திரண்டு காலிபர். பழசா வாங்கினா மலிவு, தோட்டாவும் மலிவு. காதை மூடிக்கொண்டுதான் சுடுறது. உனக்கென்ன சத்தத்திலை?"

"ஊரிலை சண்டைக்கை செல் குண்டு விழேக்கை படுத்த பழக்கம் போகேல்லை அண்ணை. ஜூலை பதினாலு, இஞ்சத்தைத் தேசிய நாள் வாணவேடிக்கைக்கு மகளையும் இழுத்துக்கொண்டு றோட்டிலை குப்புறப் படுத்திட்டன். சுத்தி நிண்ட சனம் சிரிச்சது."

"அதுக்கு ரிவால்வரோ?"

"ஓம். வெடிச் சத்தத்துக்கு நிண்டு பழக வேணும்."



"மகளும் சிரிச்சவளோ?"

"இல்லை அண்ணை. இஞ்சை பிறந்த பிள்ளை. இப்ப கதவு அடிபட்டாலும் குப்புறப் படுக்கிறாள்."