கார் கதவுத் தகரம்

"நீங்க கிளாசுக்குக் கொண்டாந்த அந்தக் கார் கதவுத் தகரத்தை யாரும் தூக்கிப் போட விட மாட்டேன் மிஸ். லைப்ரரியிலயே இருக்கட்டும்."

கார் கம்பெனிகள் நிறைந்த ஒரகடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருந்த இரண்டு பெண்களில் இதைச் சொன்னவர் பள்ளி நூலகர், மற்றவர் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி டீச்சர்.

"லைப்ரரி பீரியடை எல்லாரும் போர்ஷன் முடிக்கத்தான் புடுங்கிப்பாங்க. நீங்கதான் என்னையும் சேர்த்துக்கினு கிளாஸ் எடுத்தீங்க."

"நான் தகரத்தைக் காட்டி, இந்த இரும்பு எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டேன், அவ்ளோதான். பதிலைப் பிரிச்சு மேசைக்கு ஒரு புக்கா வெச்சது நீங்க."

"ஒரு மேசைல, ரத்தத்துல இரும்புன்னு படிச்சாங்க. அடுத்ததுல, மண்ணுலன்னு. கடைசி மேசைல, நட்சத்திரம் வெடிச்சு வந்துச்சின்னு. மணி அடிச்சும் ஒருத்தரும் எந்திரிக்கல."

"அப்ப அந்தப் பொண்ணு கேட்டுச்சே மேடம்..."

"'எங்கப்பா கார் கம்பெனி பிரஸ் ஷாப்புல தெனம் நட்சத்திரத்தையா மிஸ் கதவா அடிக்கிறாரு'ன்னு. எனக்குப் புல்லரிச்சிப் போச்சு."

"நான் அந்தக் கேள்வியை அப்படியே போர்டுல எழுதிட்டேன்."

புதுக் கார்களை அடுக்கிய ட்ரெய்லர் ஒன்று திரும்ப முடியாமல் சாலையை மறித்து நின்றது. பஸ்ஸில் எல்லாரும் அதன் டிரைவரைத் திட்டினார்கள். அந்த இருவர் மட்டும் ஜன்னல் வழியாக அந்தக் கார்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.