பெஞ்சுக்கு அடியில் ஃபரா

— வெளிய வரலைன்னா விடு ஜெரூஷா. பசிச்சா தானா வருவா. ஃபராவுக்கு இதான் முதல் கேம்ப். கைடுலயே சின்னதுங்க, இந்தப் புல்புல் குட்டிங்க எல்லாமே மொத நாள் அம்மா வேணும்னு அழும், மறுநாள் காலைல இட்லியைப் பார்த்தா சிரிக்கும்.

— இது அந்த அழுகை இல்ல கோகிலா மிஸ். அவ அழவே இல்ல. எட்டாங்கிளாஸ் ரூம்ல, பெஞ்சுக்கு அடியில சுருண்டு படுத்துகினு கீறா. கூப்ட்டா கண்ணைக்கூடத் தொறக்கல.

— அவங்கம்மா ஜஹீராவுக்குப் போன் போட்டுக் குடு. குரல் கேட்டா சரியாயிடுவா.

— அம்மாவுக்குத் தெரியக்கூடாதுன்றா மிஸ். அத்த மட்டுந்தான் திருப்பித் திருப்பிச் சொல்றா.

— பாயை நனைச்சிருப்பா. எட்டு வயசுக் குழந்தை, அதுக்கு யார் திட்டப்போறா? கேளும்மா, வெளிய கைடு பொண்ணுங்க கொடி ஏத்த வரிசையா நிக்கறாங்க. அவங்களுக்கெல்லாம் பெரிய அக்கா, ரேஞ்சர் நீயே இங்க நின்னு பேசிட்டிருந்தா எப்படி? நான் விசில் ஊதணும்.

— ஊதாதீங்க மிஸ். மொதல்ல அந்தக் கதவைச் சாத்துங்க.

— என்ன ஆச்சு?

— அவளை ஒருத்தர் தொட்டிருக்காரு மிஸ். தொடக்கூடாத மாதிரி. நேத்து சாயங்காலம், டென்ட் துணியெல்லாம் போட்டு வெச்சிருக்கற ரூம்ல.

— ஐயோ.

— நானும் பெஞ்சுக்கு அடியில போய்ப் படுத்துக்கினேன். அப்புறந்தான் காதுல சொன்னா.

— யாரு? அந்த வாட்ச்மேனா? ஏரிக்கரையில குடிச்சுட்டு விழுந்து கிடக்கிறவனை வெக்காதீங்கன்னு ஸ்கூல்ல அப்பவே சொன்னேன்.

— அவரு பாவம் மிஸ். அவரு இல்ல.

— சமையலுக்கு வந்திருக்கிற ஆளா? சொல்லும்மா. இந்த ஸ்கூல் கரஸ்பாண்டன்ட்டோட தம்பியா இருந்தாலும் சரி, விடமாட்டேன். வாரா வாரம் இந்தப் பசங்களுக்கு நான்தானே சொல்லித் தர்றேன், யாராவது தொட்டா நேரா என்கிட்ட வாங்கன்னு. ஃபரா ஏன் என்கிட்ட வரல?

— உங்ககிட்டதான் மிஸ் வர முடியாது.

— ஏன்?

— நம்ம சாரு மிஸ்.

— எந்த சார்?

— அப்பாதுரை சாரு. உங்க வூட்டுக்காரரு.

— ஜெரூஷா.

— மிஸ்.

— நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா? அவர் பெருங்களத்தூர்லேர்ந்து வண்டி ஓட்டிட்டு வந்து, லீவைப் போட்டுட்டு, இந்தப் பசங்களுக்காக டென்ட் அடிச்சுக் குடுக்கறார். எத்தனை வருஷமா! ஒரு பைசா வாங்கினது இல்ல.

— தெரியும் மிஸ்.

— எல்லாக் குழந்தையையும் தூக்கிக் கொஞ்சுவார். எங்களுக்குத்தான் இல்லையே. அதை அது தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. சின்னப் பொண்ணு, புது இடம், பயந்திருக்கும்.

— அவ ஒயுங்காத்தான் புரிஞ்சிக்கினா.

— நீ போய் அவளுக்குப் பால் குடு. யார்கிட்டயும் இதைச் சொல்லாத. கேம்ப் முடியட்டும். நான் அவர்கிட்ட நிதானமா கேக்கறேன்.

— கேட்டா இன்னா சொல்லுவாரு மிஸ்? ஆமான்னு சொல்லுவாரா?

— வேற என்ன பண்ணச் சொல்ற? இருபது வருஷமா ஒரே தட்டுல சாப்பிடற மனுஷன்! ஒரு குழந்தை பெஞ்சுக்கு அடியில படுத்துட்டு எதையோ சொல்லுதுன்னு நான்…

— வெளிய சொன்னா கோகிலா மிஸ் உன்னை புல்புல்லேர்ந்து தொரத்திடுவாங்க, யூனிஃபார்மைக் கழட்டி வாங்கிப்பாங்கன்னு சொன்னாராம். அதுக்கப்புறம் தலையைத் தடவிட்டு, 'சமத்து, என் சிட்டுக்குருவி'ன்னாராம்.

— அது… அந்தக் குழந்தையே ஏதாவது…

— அந்தக் குழந்தை மட்டும் சொல்லல மிஸ். அந்த வார்த்தை எனக்கும் தெரியும்.

— உனக்கு எப்படித் தெரியும்?

— மிஸ்…

— ஜெரூஷா, என்னைப் பாரு. உனக்கு எப்படித் தெரியும்?

— நானும் சிட்டுக்குருவிதான் மிஸ். பல்லாவரத்துலேர்ந்து எங்கப்பா ட்ரெய்ன்ல கூட்டிகினு வந்து வுட்டுட்டுப் போவாரே, நான் புல்புல்லா இருந்தப்போ.

— கடவுளே. ஏன்டி என்கிட்ட சொல்லல?

— உங்களை எனக்கு ரொம்பப் புடிக்கும். அதான் வாயே வர்ல.

— அதுக்கப்புறம் கைடு ஆன. ரேஞ்சர் ஆன. இந்த எடத்தை விட்டு ஓடியிருக்கலாமே. ஏன் போகல நீ?

— போயிருந்தா இன்னிக்கு அந்தப் பெஞ்சுக்கு அடியில அவகூட யாரு படுத்திருப்பா?

— என் கண்ணு முன்னாலயே…

— அழாதீங்க மிஸ்.

— அந்த ஆள் இப்ப எங்க?

— சமையல்கட்டுப் பக்கம். வண்டியிலேர்ந்து தண்ணி கேன் எறக்கிகினு கீறாரு. புல்புல் பசங்க ரெண்டு பேர் கூட நிக்குதுங்க.

— ஓடு. கனகவல்லி மிஸ்கிட்ட சொல்லி எல்லாக் குழந்தைங்களையும் ஹாலுக்குள்ள கூட்டிட்டுப் போகச் சொல்லு. ஒண்ணுகூட வெளிய நிக்கக்கூடாது. கேட்டைப் பூட்டச் சொல்லிட்டு இங்க வா. உன் போனைக் குடுத்துட்டுப் போ, என்னோடது அவர் வண்டியில கிடக்கு.

— இந்தாங்க. ஆனா மிஸ், நீங்க… நெஜமாவா?

— போம்மா.

— ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன் மிஸ். எல்லாரும் ஹாலுக்குள்ள கீறாங்க. கேட்டுக்குப் பூட்டு போட்டாச்சு.

— பக்கத்துல உக்காரு. ரிங் போகுது… ஹலோ, பத்து ஒன்பது எட்டா? குழந்தைங்க ஹெல்ப்லைன்தானே? பீர்க்கன்கரணைலேர்ந்து பேசறேன். நான் இங்க கைடு கேப்டன், பேரு கோகிலவாணி. ஆமா, குழந்தை இப்போ பத்திரமா இருக்கா. அந்த ஆளும் இங்கதான் இருக்கார். பேரு அப்பாதுரை. என் புருஷன். ஆமாங்க, என் புருஷன்தான். லைன்லயே இருங்க… ஜெரூஷா, எத்தனை குழந்தைங்கன்னு கேக்கறாங்க. சொல்லட்டுமா?

— சொல்லுங்க மிஸ்.

— ரெண்டு குழந்தைங்க மேடம். ஒருத்திக்கு எட்டு வயசு. இன்னொருத்திக்கு இப்போ பத்தொன்பது ஆயிடுச்சு.