இசக்கி பிடித்திருந்த ஒயர்

மத்தியானம் இரண்டு மணி. மே மாதம். செம்பூரில் மாஹுல் பக்கமாகப் போகிற கோடவுன் ரோடு... ஒரு நாய்கூட வெளியில் இல்லை.

சிரிக்காதீர்கள். பேய்க் கதை என்றால் அமாவாசை, நடுச்சாமம் என்று எவன் சட்டம் போட்டான்? ஊரில் உச்சிப்பொழுதில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்களே, அதெல்லாம் மறந்து போயிற்றா? சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவில் மழைத் தண்ணீரில் ரயில் வண்டி நிற்கிறது, பெட்டியில் விளக்கும் போயாச்சு. இனி எப்போது கிளம்புமோ. டோம்பிவிலிக்காரர்கள் இப்படி நெருங்கி உட்காருங்கள். கதவோரம் தனியாக நிற்கிற ஐயாவும் உள்ளே வரலாம், இடம் இருக்கிறது.

இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. என் சிநேகிதன் கரீம் பாட்சாவின் சகலை, நாகூர் மீரான். ஒயர் போடுகிறவன். மாதுங்காவில் மாடி மாடியாக ஏறி கேபிள் டிவி ஒயர் கட்டிக்கொண்டிருந்தவன், ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற வேலையைக் கற்றுக்கொண்டான். சொந்தமாகக் கிடைத்த முதல் வேலைக்குத்தான் அன்றைக்குப் போகிறான்.

தோளில் ஒயர் சுருள். கையில் பை. தார் இளகிச் செருப்பில் ஒட்டுகிறது. சரக்... சரக்... அந்த ஒரே சத்தம். கெமிக்கல் வாடை காற்றில்லாமல் அப்படியே தேங்கி நிற்கிறது. நிழலே இல்லாத இடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். எதிரே இருந்த ஆபீஸின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையை அண்ணாந்து பார்த்தபடி.

"ஒயர் வேலைக்கு வந்தியளா?" என்றாள்.

"ஆமாக்கா."

"மேல ஏறுவியள்லா? ஏறுனா... அவுகள எறங்கச் சொல்லுங்கண்ணே."

"யாரை?"

"எங்க வீட்டுக்காரவுகள. ஒரு வருசமா கனவுல வந்து கை வலிக்குன்னு சொல்லுதாவ. வேற ஒண்ணும் கேக்கல."

வெயிலில் நின்று புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தான் மீரான். பாவம் என்றும் நினைத்தான். உள்ளே போய்விட்டான்.

ஆபீஸ் முதலாளி வானமாமலை. தாராவியில் தைக்கிற தோல் பைகளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். எச்சிற்கையால் காக்கை ஓட்டாத மனுஷன், ஆனால் பேச்சு மட்டும் தாராளம்.

"ஏல மீரான், ரெண்டு கம்ப்யூட்டர் புதுசா வந்திருக்கு. கடைசியில சேத்து வுட்ரு. மேல மச்சுல இருக்கத மட்டும் தொடாத. அது பாட்டுக்கு நல்லா நடக்கு. நெருள்ல புது ஆபீஸ் போடுதேன், அந்த வேலை பூரா ஒனக்குத்தான்."

மீரானுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

அந்த ஆபீஸில் ஏற்கெனவே ஐந்து கம்ப்யூட்டர்கள். ஐந்தும் ஒரே கறுப்பு ஒயரில் கோத்தவை. முன் ஹாலில் தொடங்கி, பிளைவுட் சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவிலிருக்கிற மச்சில் ஏறி, பின் அறையில் இறங்கும். இரண்டு முனையிலும் ஒரு மூடி. கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி, எங்கே அறுந்தாலும் மொத்தமும் போச்சு. மீட்டர் வைத்தால் இருபத்தைந்து ஓம் காட்ட வேண்டும். ஐம்பது காட்டினால் நடுவில் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது.

மீரான் மீட்டர் வைத்தான்.

இருபத்தைந்து... ஐம்பது... இருபத்தைந்து... ஐம்பது. ஒருத்தர் மூச்சு வாங்குகிற வேகத்தில்.

ஐந்து திரையும் நின்றன. கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஜெயசீலி என்ற பெண் பதறவில்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். வானமாமலை கேபினிலிருந்து ஒரு நீள மர ஸ்கேலோடு வந்தார். சீலிங்கில் தட்டினார். டக்... டக்.

"ஏல, புடி."

மேலே ஏதோ நகர்ந்தது. பிளைவுட்டிலிருந்து கொஞ்சம் தூசி உதிர்ந்தது. திரைகள் ஓட ஆரம்பித்தன. மீட்டரில் இருபத்தைந்து. வானமாமலை ஒன்றும் நடக்காதது போலக் கேபினுக்குள் போய்விட்டார்.

"மேல யாரு இருக்கா?" என்று மீரான் கேட்டான்.

"யாரும் இல்லண்ணே," என்றாள் ஜெயசீலி. "இசக்கி அண்ணன்தான்."

பிறகு மெல்லச் சொன்னாள்.

போன வருஷம் மே மாதம். இந்த ஒயரைப் போட்டவன் இசக்கி. மச்சில் ஒயர் கொஞ்சம் பற்றாமல் போயிற்று. இன்னொரு சுருள் வாங்க மனம் வராமல், வீட்டு டிவிக்கு வாங்கி மீந்த ஒயரை வானமாமலை எடுத்துக் கொடுத்தார். அதுவும் கறுப்பு, இதுவும் கறுப்பு, அவருக்கு அது போதும். டிவி ஒயரின் நடுக்கம்பி மெலிசு. கம்ப்யூட்டர் முனைக்குள் இறுகாமல் ஆடும். நிற்காது என்று இசக்கி சொன்னான். கேட்கவில்லை. வெயில் ஏறினால் அந்த இணைப்பு இளகும், கையால் அழுத்திப் பிடித்தால் ஓடும். மொட்டை மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, கீழே நாமெல்லாம் படம் பார்க்கவில்லையா? அதே புத்திதான் வானமாமலைக்கும்.

ஒரு சனிக்கிழமை. வெளிநாட்டுப் பார்ட்டி கம்ப்யூட்டரைப் பார்க்க வந்த நேரத்தில் லைன் போயிற்று. "மேல ஏறிப் புடி. நான் சொல்லுத வரைக்கும் விடாத." இசக்கி ஏறினான். ஹாலில் ஏணி நின்றால் அசிங்கம் என்று அதைப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார். மச்சுக்கு ஏறுகிற ஓட்டையைப் பலகையால் மூடினார். தலைக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ். காற்றுப் போக வழியில்லை. வெகு நேரம் கழித்து மேலிருந்து ஒரு குரல்... "மொதலாளி... கை மரத்துப்போச்சு..." பார்ட்டி அண்ணாந்து பார்த்தது. வானமாமலை சிரித்துக்கொண்டே "சூஹா, எலி" என்றார். ஸ்கேலால் தட்டினார். "விடாதல."

சாயங்காலம் பார்ட்டியை ஹோட்டலுக்குக் கூட்டிப்போகிற அவசரத்தில் ஆபீஸைப் பூட்டிவிட்டார்.

"அவரு எறக்கி விடுவாருன்னுதான் நான் வீட்டுக்குப் போனேன்," என்றாள் ஜெயசீலி. அழுதாள். "திங்கக்கெழம வந்து பாக்கேன்... அஞ்சு திரையும் ஓடிட்டு இருக்கு."

செத்த பிறகும் அந்த விரல்களைப் பிரிக்க முடியவில்லையாம். இரண்டு பக்கமும் ஒயரை வெட்டி, கையில் இருந்த துண்டோடுதான் எரித்தார்கள். மாரடைப்பு என்று எழுதி முடித்தாயிற்று.

"வெட்டின பெறகும் லைன் போகலண்ணே. மொதலாளி திரையைப் பாத்தாரு. மேல பாத்தாரு. புது ஒயர் வாங்கவே இல்ல."

மீரான் நம்பவில்லை. ஏணியை வைத்து ஏறினான். டார்ச் அடித்தான். அடுப்புக்குள் தலையை விட்ட சூடு. பழைய வியர்வை நாற்றம். ஒயர் வருகிறது... வருகிறது... முடிந்துவிடுகிறது. ஒரு சாண் தள்ளி அடுத்த முனை. நடுவில் ஒன்றும் இல்லை. கீழே விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்கிறது.

அந்த இடைவெளியில் கையை விட்டான்.

ஒன்றும் இல்லாத இடத்தில் விரல் முட்டி தட்டுப்பட்டது. காய்ந்த தோல். நடுங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவு நேரம் பிடித்த கை நடுங்குகிற மாதிரி.

எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. ஆனால் ஓடிப்போகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் வெயிலில் நிற்பது அவன் கண்ணுக்குள்ளேயே இருந்தது. மறுநாள் வானமாமலை வெளியே போன நேரம் பார்த்து, சரியான ஒயரை வாங்கி, மச்சுப் பக்கமே போகாமல் சுவரோரமாக முதலிலிருந்து கடைசி வரை ஒரே துண்டாக இழுத்தான். பழைய ஒயரை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டான். ஏழு கம்ப்யூட்டரும் ஓடின. மீட்டர் இருபத்தைந்தில் ஆடாமல் நின்றது.

முதலாளி வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டான். "புது லைன் நல்லா இருக்கு மொதலாளி. இனி யாரும் புடிக்க வேண்டாம். மேல பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும் விட்டுருன்னு. நீங்கதான புடிக்கச் சொன்னீங்க."

வானமாமலை கொஞ்சம் யோசித்தார்.

"ஒயர்னா என்னைக்காவது போகும்ல. அவனும் இருக்கட்டும். சோறா கேக்கான்?"

மீரானுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெருள் வேலை நாசமாய்ப் போகட்டும் என்று, அவர் கேபினுக்குள் போனதும் ஏணியை எடுத்து மச்சின் ஓட்டையில் சாய்த்தான்.

"அண்ணே," என்றான் மேலே பார்த்து. "வேலை முடிஞ்சிட்டு. விட்டுட்டு எறங்கி வாங்க. அக்கா வெளிய நிக்காங்க."

பிறகு... கிரீச். மேல் படி. அடுத்த படி. ஏணி ஆள் கனத்தில் வளைந்தது. கடைசிப் படியும் முனகி நிமிர்ந்தது. ஜெயசீலி வாயைப் பொத்திக்கொண்டாள். வெந்த நாற்றம் ஒன்று அவளைக் கடந்து வாசலுக்குப் போயிற்று.

ரோட்டில் நின்ற பெண்ணின் வலது கை தானாக உயர்ந்தது. அவள் முகம் மலர்ந்ததை மீரான் பார்த்தான். கையை அப்படியே நீட்டியபடி, யாரோடோ மெல்லப் பேசிக்கொண்டு, தாராவிப் பக்கம் நடந்து போனாள். இவன் நின்று அழுதான். சந்தோஷத்தில்தான்.

அதோடு கதையை முடித்திருப்பேன், வண்டி கிளம்பியிருந்தால்.

ஒரு வாரம் கழித்து அவள் வீட்டைத் தேடிப்பிடித்துப் போனான். அவள் வலது மணிக்கட்டைச் சுற்றிக் கறுத்திருந்தது. நான்கு விரல் தடம் ஒரு பக்கம், பெருவிரல் மறுபக்கம். உள்ளங்கை சாம்பல் நிறம், அசைவில்லை. அவள் சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். ரத்தம் ஓடவில்லை, அழுகிவிட்டது, எடுத்தே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

மீரான் செம்பூருக்கு ஓடினான். காலில் விழுந்தான். "நான் சொன்னா எறங்குதாரு, கைய விடமாட்டேங்காரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க மொதலாளி. அந்தப் புள்ள கை போயிரும்."

வானமாமலை கணக்குப்பிள்ளையிடம் பேசிக்கொண்டே திரும்பினார். "இன்னைக்குப் பார்ட்டி வருதுப்பா. நாளைக்குப் பாப்போம்."

அன்று ராத்திரியே முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு கரீம் பாட்சாவும் கூட இருந்தான். நர்ஸ் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். புண் நன்றாக ஆறியிருந்தது. அதற்கு மேலே, தோளுக்குக் கீழே, நல்ல சதையில்... நான்கு விரல். ஒரு பெருவிரல். இன்னும் அழுத்திக்கொண்டே இருந்ததால் தோல் உள்வாங்கியிருந்தது.

நர்ஸ் பின்னால் நகர்ந்தாள். மீரான், "விட்டுருங்கண்ணே, விட்டுருங்கண்ணே" என்று கத்தினான்.

அவள் அவனைக் கையமர்த்தினாள். எஞ்சியிருந்த இடது கையால்.

"சத்தம் போடாதிய," என்றாள். "அவுக பயப்படுதாவ. விட்டா மொதலாளி ஏசுவாகன்னு சொல்லுதாவ."