வேன் படியில் நிற்பவள்

— படியிலருந்து எறங்கு வேலுத்தாயி. வேன் கெளம்பணும்.

— எறங்க மாட்டேன் அண்ணாச்சி. கெளம்பணும்னா என்னையும் ஏத்திக்கிட்டுக் கெளம்பச் சொல்லுங்க.

— ஃபோர்மேன் நான் சொல்றேன், பாத்துக்கோ. நேத்து பூச்சட்டிப் பட்டாசுக்குக் கரிமருந்து செலுத்துற ரூம்ல என்ன கூத்துப் பண்ணுனே? மடியில மருந்துத்தட்டு சாஞ்சு கெடக்கு. தொண்டை கிழியக் கூப்பிடுறேன், அசையலையே நீ! கண்ணைத் தொறந்துக்கிட்டே தூங்குற பொம்பளைய இப்பத்தான் பாக்குறேன்.

— அந்த ரூமுக்கு இனி நானே வர மாட்டேன். காலிப்பெட்டி மடிக்கிற ஷெட்டுல ஒரு எடம் போடுங்க.

— அங்கன போயித் தூங்கவா?

— தூங்குனா என்ன? பெட்டி வெடிக்கவா போகுது?

— வாயி மட்டும் தூங்க மாட்டேங்குது! தீவாளி சீசன் இது, பாத்துக்கோ. ஆர்டர் மலையாக் குமிஞ்சு கெடக்கு. செலுத்துறதுல உன் கை வேகம் வேற எவளுக்கு வரும்? அதுக்குத்தான தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், தீவாளி முடியுற வரைக்கும் அந்த வலிப்பு மாத்திரைய நிப்பாட்டுன்னு.

— சொன்னீக.

— அதப் போட்டாத்தான பகலெல்லாம் சொக்குது?

— சொக்கும். இல்லைங்கலையே. காலையில தலை கனக்கும், நின்னுக்கிட்டே கண்ணு செருகும். அதுக்கு நான் வெக்கப்படணுமாக்கும்? ஆஸ்பத்திரி நர்சு ஜெமிமா சிஸ்டர் டாக்டரம்மாகிட்டச் சொல்லி அளவ மாத்தி வாங்கித் தாரேன்னுருக்காக. அதுவரைக்கும் பெட்டிதான் மடிப்பேன்.

— இன்னைக்கு எறங்கு. பெறகு பாப்போம்.

— இன்னைக்கு எறங்குனா அம்புட்டுத்தான். வலிப்புக்காரின்னு ஆமத்தூர் பூரா தெரியும். எந்தக் கம்பெனி வேனும் என்னை ஏத்தாது. எறங்க மாட்டேன்னா மாட்டேன்.

— ஏத்தா, மெதுவாப் பேசு. உள்ள இருக்குற பொம்பளைக அம்புட்டுப் பேரும் கேக்குறாக.

— நல்லாக் கேக்கட்டும்! அவுகளும் என் பக்கத்துலதான ஒக்காந்து மருந்து செலுத்துறாக.

— முதலாளி கேட்டா நான் என்ன சொல்லட்டும்? என் பேச்சைக் கேக்காம மாத்திரையப் போட்டுட்டு வந்து தூங்குனான்னு சொல்லட்டா?

— உள்ளதைச் சொல்லுங்க. நீங்க சொன்ன அன்னைக்கே மாத்திரைய நிப்பாட்டிட்டேன். நேத்து நான் தூங்கல அண்ணாச்சி. மடியில கரிமருந்தோட எனக்கு வலிப்பு வந்துச்சு.